விடியற்காலையில் எரியும் மஞ்சள் விளக்கு

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது டயர் பற்றியவை மட்டும் தனியாக ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. குளிர் தொடங்கினால் ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான். முப்பத்தொரு ஆண்டுகள் பட்டறையில் டயர் கழற்றி மாட்டியவன் நான். என்ஜினைப் பற்றி ஓயாமல் கேட்பவர்கள்கூட டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதில்லை. வண்டி தரையைத் தொடுவதோ நான்கே இடத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. அதனால் இந்த இதழ் முழுவதும் டயருக்கே.

கேள்வி: சார், பத்து நாளாகக் காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. லாடம் மாதிரி ஒரு வடிவம், உள்ளே ஆச்சரியக்குறி. இருபது நிமிடம் ஓட்டினால் தானாக அணைந்துவிடுகிறது. பஞ்சர் பார்ப்பவர் நான்கு டயரையும் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, ஓட்டை எதுவும் இல்லை, சென்சார்தான் போயிருக்கும் என்கிறார். மாற்றிவிடலாமா?
— தினமும் காரில் வேலைக்குச் செல்லும் வாசகி

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. அந்த விளக்கு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. பஞ்சர் இல்லை என்று அவர் சொன்னதும் சரி. டயரில் அழுத்தம் குறைவு என்று விளக்கு சொல்வதும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும் என்பதுதான் உங்கள் குழப்பம்.

டயருக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால், துளிகூட வெளியே போகாமலே அதன் அழுத்தம் குறையும். காற்றின் துகள்கள் உள்ளே ஓயாமல் ஓடி டயரின் சுவரில் மோதிக்கொண்டிருக்கின்றன. அந்த மோதலைத்தான் நாம் அழுத்தம் என்கிறோம். குளிர்ந்தால் அவற்றின் வேகம் குறைகிறது, மோதலும் தளர்கிறது. இதை 1700களின் தொடக்கத்திலேயே பிரான்ஸில் கியோம் அமோந்தோன் என்பவர் அளந்து சொல்லியிருக்கிறார். அடைத்து வைத்த காற்றைக் குளிர்ந்த தண்ணீரிலிருந்து கொதிக்கும் தண்ணீருக்கு மாற்றினால் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று கண்டார். உங்கள் டயரில் நடப்பது அதன் மறுபக்கம்.

எவ்வளவு குறையும்? சாதாரணக் கார் டயருக்கு ஆறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). இதை நான் புத்தகத்தில் படித்ததோடு விடவில்லை. என் சொந்தக் காரில் ஒரு குளிர்காலம் முழுக்க நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அதில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: மாலை, வண்டி நாள் முழுக்க நிழலில் நின்றது, 24 டிகிரி, முன்பக்க இடது டயர் 33. மறுநாள் காலை 5.40, 6 டிகிரி, அதே டயர் 30. நாற்பத்தைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தபின் 34. அடுத்த காலை மறுபடி 30. நடுவில் நான் வால்வைத் திறக்கவே இல்லை. பதினெட்டு டிகிரிக்கு மூன்று பிஎஸ்ஐ, கணக்கு அப்படியே பொருந்தியது.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயருக்கு வேண்டிய காற்றின் அளவு அதில் 33 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான கார்களில் இந்த விளக்கு, சொல்லப்பட்ட அளவில் கால் பங்கு குறைந்தால் எரியும்படி அமைந்திருக்கும். 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் எல்லாப் புதிய கார்களுக்கும் இந்த எச்சரிக்கை கட்டாயமானது, அந்தச் சட்டம் சொல்லும் வரம்பும் இதுதான். 33-இல் கால் பங்கு போனால் 25-க்குச் சற்றுக் கீழே. ஆனால் குளிரால் மட்டும் 33 அந்த அளவுக்கு இறங்கிவிடாது. 30 டிகிரி வெயில் காலத்தில் 33 இருந்த டயர், 5 டிகிரிக் குளிரில் 29-தான் காட்டும். விளக்கு எரியாது.

அப்படியானால் உங்களுக்கு ஏன் எரிகிறது? வெயில் காலத்திலேயே உங்கள் டயரில் 28 அளவில்தான் இருந்திருக்க வேண்டும். நல்ல டயர்கூட ரப்பர் வழியாகவே மாதம் ஒன்று, சில சமயம் இரண்டு பிஎஸ்ஐ இழக்கும். தண்ணீரில் முக்கினால் குமிழி வராது, அவ்வளவு மெதுவான கசிவு. நான்கைந்து மாதம் காற்றுப் பிடிக்காமல் விட்டால் 33 என்பது 28 ஆகிவிடும். அந்த 28, 5 டிகிரியில் 24.5. விளக்கு எரிகிறது. இருபது நிமிடம் ஓடியதும் டயர் சூடாகி 27-ஐத் தாண்டும். விளக்கு அணைகிறது.

இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும் அம்மா. விளக்கு அணைந்ததால் டயர் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சூடான பின்பும் உங்கள் டயர் தேவைக்கு ஏறத்தாழ எட்டு பிஎஸ்ஐ குறைவாகவே ஓடுகிறது. குளிர் உங்களிடம் காட்டிக்கொடுத்தது பழைய குறையை.

நாளைக் காலை வண்டியை நகர்த்தும் முன்பே அளந்து, 33 வரை காற்றுப் பிடியுங்கள். வீட்டில் பம்ப் இல்லை, காற்றுப் பிடிக்கும் இடம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. வீட்டில் அழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று வைத்து, டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து, எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 25 காட்டினால் எட்டு குறைவு. அங்கே போனதும் சூடான டயரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அது 28 காட்டலாம். அதோடு எட்டைக் கூட்டி 36 வரை ஏற்றச் சொல்லுங்கள். காற்றுப் பிடிப்பவர் “33 போதுமே” என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஸ்டார்ட் செய்ததும் அந்த விளக்கு ஒரு நிமிடம்போல விட்டு விட்டு எரிந்து, பிறகு நிலையாக எரிந்தால் மட்டும் சென்சாரையோ அதன் பேட்டரியையோ சந்தேகப்படலாம். உங்களுக்கு அப்படி இல்லை.

கேள்வி: என் காரிலும் அந்த விளக்கு இருக்கிறது. ஆனால் எவ்வளவு குளிரிலும் எரிந்ததே இல்லை. என் டயர்கள் நன்றாக இருக்கின்றன என்று நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இந்த ஏற்பாடு இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். மற்றதில் தனி சென்சார் கிடையாது. சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கும் பிரேக்கின் ஏபிஎஸ் சென்சாரை வைத்து, எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்கும். காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுச் சுருங்குவதால் அது கொஞ்சம் அதிகம் சுற்ற வேண்டியிருக்கும். ஒரு டயர் பஞ்சரானால் இது நன்றாகவே கண்டுபிடிக்கும். ஆனால் குளிர் நான்கு டயரையும் ஒன்றாகத்தான் இறக்குகிறது. நான்கும் சேர்ந்து இறங்கினால் எதை எதோடு ஒப்பிடுவது? பழைய, எளிய அமைப்புகள் பேசாமல் இருந்துவிடும். காற்றுப் பிடித்த பிறகு இந்த வகையில் ரீசெட் பொத்தானை அழுத்தவும் மறக்கக்கூடாது. குறைந்த காற்றோடு ரீசெட் செய்துவிட்டால் அதையே சரியான அளவு என்று அது எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, அப்பா நாற்பது வருடம் வண்டி ஓட்டியவர். போன வாரம் நெடும்பயணத்தின் நடுவே நிறுத்தி டயரை அளந்தார். 33 இருக்க வேண்டிய இடத்தில் 37 காட்டியது. “குளிர்காலத்திலேயே இவ்வளவா, வெடித்துவிடும்” என்று நான்கிலும் காற்றை இறக்கி 33 ஆக்கினார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. யார் சொன்னது சரி?
— கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, நீ சொன்னது சரி. அப்பாவின் அக்கறையும் உண்மையானது, அதனால் இந்தப் பதிலை அவரும் படிக்கும்படி பொறுமையாகச் சொல்கிறேன்.

ஸ்டிக்கரில் உள்ள 33 என்பது குளிர்ந்த டயருக்கான எண். குளிர்ந்தது என்றால் குளிர்காலம் என்று பொருளல்ல. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக்கூடாது. ஓடும்போது டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அதனால் சூடாகிறது. நான்கு முதல் ஆறு பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு. காரை வடிவமைத்தவர்கள் அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் 33 என்று எழுதியிருக்கிறார்கள்.

37 காட்டிய டயரிலிருந்து நான்கைப் பிடுங்கினால் மறுநாள் காலை அது ஏறத்தாழ 29-இல்தான் நிற்கும். இரவு குளிர் அதிகமானால் இன்னும் இறங்கும். வெடிக்கும் ஆபத்து என்று அப்பா எதற்குப் பயந்தாரோ, அந்தப் பக்கமாகத்தான் வண்டியைத் தள்ளியிருக்கிறார். பெரும்பாலான டயர்கள் பிய்ந்துபோவது காற்று குறைந்து ஓடிச் சூடானதால்தான். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது.

டயரின் பக்கத்தில் 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்று பொடியாக அச்சிட்டிருப்பதையும் அப்பாவிடம் காட்டு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதுவரை நிரப்பச் சொல்லும் எண் அல்ல. ஆனால் 37-க்குப் பயப்பட வேண்டியதில்லை என்று அவருக்குத் தைரியம் கொடுக்கும்.

கேள்வி: குளிரில் சாலை வழுக்கும், காற்றை நாலைந்து பிஎஸ்ஐ குறைத்து வைத்தால் டயர் நன்றாகப் பரவிப் பிடிக்கும் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். மணலிலும் ஆழமான பனியிலும் ஊர்ந்து போகும் வண்டிகளுக்குக் காற்றைக் குறைப்பார்கள், அது உண்மை. மெதுவாகப் போய், வெளியே வந்ததும் மறுபடி நிரப்பிக்கொள்வார்கள். தார்ச்சாலையில் அந்தக் கணக்கு உதவாது. காற்று குறைந்த டயர் நடுவில் தளர்ந்து, இரண்டு ஓரங்களில் அதிகமாக ஊன்றி ஓடும். ஈரமான சாலையில் தண்ணீரைக் கிழித்து வெளியே தள்ளும் வேலை நடுப்பகுதியின் பள்ளங்களுடையது. அங்கே அழுத்தம் குறைந்தால் தண்ணீரின் மேல் வண்டி மிதந்து நழுவுவது இன்னும் குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடும். ஸ்டியரிங் திருப்பினால் வண்டி திரும்ப ஒரு கணம் தாமதமாகும்.

பட்டறையில் பார்த்த ஒரு டயரை இன்றும் மறக்கவில்லை. குடும்பத்தோடு நீண்ட தூரம் வந்த கார். “காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, பஞ்சர் போடுங்கள்” என்றார்கள். வெளியே பார்க்கப் புத்தம்புதுசு, டிரெட் (தரையைத் தொடும் வரிப்பள்ளப் பகுதி) முக்கால்வாசி இருந்தது. ரிம்மிலிருந்து கழற்றிக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் கொட்டியது. மிளகுத்தூள் போல, விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பு. உள்பக்கச் சுவரை அப்படியே சுற்றிலும் விரலால் தடவினேன், ஒரு வளையம் முழுக்க ரப்பர் உதிர்ந்து நூல் தட்டுப்பட்டது. காற்று குறைந்து ஓடியதில் பக்கச்சுவர் மடிந்து மடிந்து, தன்னைத்தானே அரைத்துக்கொண்ட தூள் அது. இன்னும் நூறு கிலோமீட்டர் தாங்கியிருக்குமா என்பதே சந்தேகம். பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பஞ்சர் போட மறுத்துவிட்டேன். அந்தத் தூளைக் காகிதத்தில் கொட்டி அந்தத் தகப்பனாரிடம் காட்டியதும் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளியே குளிராக இருக்கிறதே, டயர் எப்படிச் சூடாகும் என்று கேட்பார்கள். அந்தச் சூடு வெளியிலிருந்து வருவதில்லை, மடியும் ரப்பருக்குள்ளேயே பிறக்கிறது. குளிர்காலமும் அதைத் தடுக்காது.

பிடிப்புதான் உங்கள் கவலை என்றால் காற்றில் கைவைக்காமல் ரப்பரைப் பாருங்கள். கோடைக்கான டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. உறைபனி விழும் இடத்தில் வசிப்பவர்கள், மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை உள்ள டயரை மாட்டிக்கொள்ளலாம். அதற்கு எவ்வளவு காற்று என்பதை வண்டியின் கையேடு சொல்லும். சில கையேடுகள் சற்றுக் கூடுதலாகவே வைக்கச் சொல்கின்றன, குறைக்க அல்ல.

கேள்வி: சமவெளியில் 33 பிஎஸ்ஐ பிடித்துவிட்டு 2000 மீட்டர் உயர மலைக்குப் போனேன். அங்கே நல்ல குளிர். காலையில் அளந்தால் 33-க்கும் கொஞ்சம் மேலே காட்டுகிறது! உங்கள் ஆறு டிகிரிக் கணக்கு மலையில் செல்லாதா?

பதில்: அருமையான கேள்வி, இதை அளந்து பார்த்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். கணக்கு செல்லும். கூடவே இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது.

கேஜ் காட்டுவது டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தை அல்ல. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே காட்டுகிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றே 14.7 பிஎஸ்ஐ அழுத்துகிறது. ஆகவே கேஜ் 33 என்றால் உள்ளே உண்மையில் 47.7. அங்கே 30 டிகிரி, மலையில் காலை 15 டிகிரி என்று எடுத்துக்கொண்டால், உள்ளே இருப்பது 45.3 ஆகக் குறைகிறது. குளிர் தன் பங்கை எடுத்துக்கொண்டது. ஆனால் 2000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று 11.5 பிஎஸ்ஐதான். 45.3-இலிருந்து 11.5-ஐக் கழியுங்கள், 33.8. குளிர் இறக்கியதை உயரம் ஏற்றிவிட்டது.

அங்கே எதையும் தொட வேண்டாம். கூடுதலாக இருக்கிறது என்று இறக்கிவிட்டுக் கீழே வந்தால்தான் குறைவாகிப்போகும். பல மாதம் அங்கேயே தங்குவதானால், அந்த இடத்துக் காலை அளவை வைத்து 33 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பினால் குளிரில் அழுத்தம் குறையாது என்கிறார்களே?

பதில்: குறையும், அதே ஆறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ. நாம் பிடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜனில் உள்ள நன்மை வேறு. ஈரம் இல்லாதது, ஆக்ஸிஜனைவிட மெதுவாக ரப்பர் வழியே கசிவது. விமான டயர்களில் அதைத்தான் நிரப்புகிறார்கள். உங்கள் காருக்கு நிரப்பினாலும் கெடுதல் இல்லை. ஆனால் நிரப்பியவர்கள் பலர் அதன்பிறகு அளப்பதையே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். குறைந்திருக்கும்போது நைட்ரஜன் கிடைக்கவில்லை என்றால் சாதாரணக் காற்றையே பிடியுங்கள். கலந்தால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் டயர் தடதடவென்று அடிக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது. ரிம் வளைந்திருக்குமோ?

பதில்: ரிம் வளைந்திருந்தால் ஓடினாலும் சரியாகாது. இரவு முழுக்க ஒரே இடத்தில் நின்ற டயர், தரையைத் தொட்ட பக்கம் சற்றுத் தட்டையாகிக் குளிரில் அப்படியே இறுகியிருக்கிறது. ஓடிச் சூடானதும் உருண்டைக்குத் திரும்புகிறது. காற்று குறைவாக இருந்தால் இது அதிகமாகத் தெரியும், எனவே முதலில் அளந்து பாருங்கள்.

கேள்வி: வால்வு மூடி தொலைந்து ஒரு வருடமாகிறது. அது அவசியமா?

பதில்: அவசியம், குளிரில் இன்னும் அவசியம். உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருப்பது வால்வு பின்னின் அடியில் உள்ள சிறு ரப்பர் வளையம். மூடி இல்லாத வால்வில் தண்ணீர் புகுந்து உறைந்தால் பின் சரியாக மூடாது. ரப்பரும் குளிரில் சோம்பிப்போகும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறிய விசாரணையில், இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அதன் ராக்கெட் இணைப்புகளில் இருந்தது போன்ற ஒரு ரப்பர் வளையத் துண்டை இடுக்கியில் நசுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டுக் காட்டினார். இடுக்கியைத் தளர்த்தியும் அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. உங்கள் வால்விலும் ரிம்மின் விளிம்பிலும் காற்றை அடைத்திருப்பது ரப்பர்தான். ஒரு டயர் மட்டும் மற்ற மூன்றைவிட வேகமாக இறங்கினால் சோப்புத் தண்ணீரை முதலில் வால்வின் வாயில் தடவிப் பாருங்கள். மூடி பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். சென்சார் உள்ள அலுமினிய வால்வில் பித்தளை மூடியைப் போட்டால் நாளடைவில் அரித்து ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது வால்வையே முறித்துவிடும்.

கேள்வி: ஸ்டெப்னிக்கும் குளிர்கால அளவு பார்க்க வேண்டுமா?

பதில்: கண்டிப்பாக. டிக்கிக்குள் கிடப்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டு, நடுவழியில் பஞ்சராகும்போதுதான் அதிலும் காற்றில்லை என்று தெரிய வரும். மற்ற நான்கின் அளவிலேயே ஸ்டெப்னியும் இருந்தால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகப் பிடித்து வையுங்கள், மாட்டும்போது இறக்கிக்கொள்ளலாம். ஒல்லியான தற்காலிக டயராக இருந்தால் அதன் பக்கச்சுவரைப் படியுங்கள், பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ என்று இருக்கும். சாதாரணக் கைப்பம்ப் கேஜ் சில 50-உடன் நின்றுவிடும், எனவே 60-க்கு மேல் காட்டும் கேஜாகப் பார்த்து அளந்துகொள்ளுங்கள்.